ஒரு கட்டை விரலை அடையாளம் கண்ட கதை



போன சனிக்கிழமை திருச்சிக்கு ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போய் வந்தேன். போட்ட போட்டோக்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். "சார், யார் இவங்க எல்லாம்?", "மாமா, எத்தனை லட்சத்துக்கு வித்தீங்க?" என்று. இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒன்றும் விற்கவில்லை. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு யாரும் லட்சம் தரமாட்டார்கள். அந்தக் கண்காட்சியில் அதைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். பழைய காசை வாங்கிக்கொள்கிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று போன் வந்தால் நம்பாதீர்கள். தன் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது.

முதல் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். எனக்குச் சொல்லியாக வேண்டிய ஒன்றும் அதில் இருக்கிறது.

நான் பிறந்தது 1957. நயா பைசா வந்ததும் அதே வருஷம்தான், ஏப்ரல் 1ஆம் தேதி. அதனால் அம்மா என்னை "நயா பைசாவோட பொறந்தவன்" என்பார். அவருக்குக் கடைசி வரை கணக்கு அணாவில்தான். ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நாலு காலணா, காலணாவுக்கு மூணு தம்பிடி. கணக்கு வாத்தியாரான எனக்கே அவர் வேகம் வராது. அவர் போன பிறகு அலமாரியில் அவருடைய சுருக்குப்பை கிடைத்தது. உள்ளே காய்ந்த வெற்றிலைக் காம்புகளோடு மூன்று வெள்ளி ரூபாய், இரண்டு ஓட்டைக் காலணா, 1835ஆம் வருஷம் போட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் செப்புக் காலணா ஒன்று. ஓட்டைக் காலணா 1943இல், உலக யுத்தத்தின்போது செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் துளை போட்டு அடித்தது. அந்தச் சுருக்குப்பைதான் என் பொழுதுபோக்கின் தொடக்கம்.

யாரோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். நாணயம் சேர்ப்பவர்கள் சுமார் இருநூறு பேர். சேர்ந்த முதல் வாரமே பெரிய காரியம் ஒன்று செய்தேன். அம்மாவின் 1835 காலணாவைப் போட்டோ எடுத்துப் போட வேண்டும், கறுப்பாக இருக்கிறதே என்று புளி போட்டுத் தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரிப் பளபளத்தது. பெருமையாகப் போட்டேன். குழுவே மௌனம். பிறகு ஒருவர் எழுதினார், "கொன்னுட்டீங்க சார்".

விஷயம் இதுதான். செம்பின் மேல் நூற்றாண்டுக் கணக்கில் படிந்த அந்தக் கறுப்பு அழுக்கு அல்ல, அதுதான் காசுக்குத் தோல். அதை உரித்துவிட்டால் எழுத்தின் கூர்மையும் போகும், மதிப்பும் போகும். பழைய காசு கிடைத்தால் புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் கிட்டே போகக் கூடாது. (உங்கள் வீட்டிலும் இருந்தால் தயவுசெய்து கேளுங்கள்.)

ஆளாளுக்கு என்னைக் கேலி செய்த அன்று ஒரே ஒருவர் மட்டும் ஆறுதலாக எழுதினார். கரூர்ப் பக்கத்துக்காரர். "பரவால்ல அய்யா, கொஞ்ச வருசத்துல மருபடி கறுத்துரும்" என்று.

அதற்கு நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? "மருபடி அல்ல, மறுபடி."

உங்களில் பலர் இப்போது சிரிப்பீர்கள் என்று தெரியும். கணக்கு விடைத்தாளிலேயே ஒற்றுப்பிழைக்குச் சிவப்பு மை போட்டவன் நான். குழுவிலும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. அவர் எழுதும்போதெல்லாம் ல, ள, ழ திருத்தினேன். இருநூறு பேர் பார்க்க. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில்தான் செய்தேன். கொஞ்ச நாளில் அவர் எழுத்தில் பிழை வருவது நின்றுவிட்டது. நம் திருத்தம் வேலை செய்கிறது என்று எனக்குள் ஒரு திருப்தி.

சரி, கண்காட்சிக்கு வருகிறேன்.

ஒரு கல்யாண மண்டபம். பந்திக்குப் போடும் நீள மேஜைகளில் வெள்ளைத் துணி விரித்து வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் சோழர் காசு. இன்னொரு பக்கம் ஒரு பேசின் நிறைய அயல்நாட்டுச் சில்லறை, எது எடுத்தாலும் பத்து ரூபாய். சின்னப் பிள்ளைகள் அதைச் சுற்றி ஈ மாதிரி மொய்த்துக்கொண்டிருந்தார்கள். புதுக்கோட்டை அம்மன் காசு ஒரு தட்டு நிறைய இருந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிதான உருண்டைச் செம்பு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று எழுத்து. எல்லோர் கையிலும் ஒரு லென்ஸ், சட்டைப் பையில் ஒரு குட்டித் தராசு.

நாலு வருஷமாக எழுத்திலேயே பழகியவர்களை முகமாகப் பார்ப்பது விசித்திரமான அனுபவம். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட எனக்கு இவ்வளவு கூச்சம் வந்ததில்லை.

மதுரையிலிருந்து ஒருவர். முகப்புப் படத்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை. குழுவில் அனைவரும் அவரை 'மதுரை சார்' என்றுதான் கூப்பிடுவோம். "நான்தான் மதுரை" என்று எதிரில் வந்து நின்றது, சுங்குடிச் சேலை கட்டிய அறுபது வயது அம்மா. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஏம்மா இத்தனை நாள் சொல்லல?" என்றேன். "நீங்க யாரும் கேக்கலையே சார். ராஜா தலையைப் பார்த்து நீங்களா முடிவு பண்ணிட்டீங்க" என்று சிரித்தார். அவர் சேர்ப்பது ஒரு ரூபாய் நோட்டு மட்டும். அதில்தான் ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்து இருக்காது. அதை வெளியிடுவது மத்திய அரசு என்பதால் நிதித்துறைச் செயலர் கையெழுத்துப் போடுவார். எந்த ஆண்டு எந்தச் செயலர் என்று கடகடவென ஒப்பிக்கிறார். தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் நோட்டு எண்ணி எண்ணியே வந்த பழக்கமாம்.

அடுத்து, என்னைக் "கொன்னுட்டீங்க சார்" என்றவர். நாணயச் சாலைக் குறிகளில் குழுவுக்கே அவர்தான் அத்தாரிட்டி. ஆண்டுக்குக் கீழே வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். ஐம்பது வயது ஆள் என்று நினைத்திருந்தேன். பிளஸ் டூ படிக்கிற பையன்! அரும்பு மீசை. கூடவே அவன் அம்மா. விக்டோரியா ராணி தலை போட்ட ரூபாய் ஒன்றைத் தராசில் வைத்து, "11.66 கிராம் இருக்கணும் சார், இது பத்துகூட இல்ல, போலி" என்று வியாபாரி முகத்துக்கு நேராகச் சொல்கிறான். அவன் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னை மெதுவாகக் கேட்டார், "சார், நீங்க வாத்தியாராமே. இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?" தொல்லியல் படிக்கலாம், அருங்காட்சியகத்தில் வேலை இருக்கிறது, கல்வெட்டு படிக்கலாம் என்றெல்லாம் சொன்னேன். அந்த அம்மா முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. சொன்னதற்குப் பொறுப்பாக அவனுக்கு வேண்டிய விவரங்களைத் திரட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். தொல்லியல் துறையில் இருக்கும் என் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குப் போன் செய்யுங்கள்.

மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மேஜையில் நின்றேன். திப்பு சுல்தானின் செப்புப் பைசா. ஒரு பக்கம் அழகான யானை. யானைக்கு மேலே பாரசீக எண்ணில் ஆண்டு. எண்களை ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். லென்ஸை வைத்துக் கூரை போல் இருந்த முதல் எண்ணைப் பார்த்தேன். 8. அடுத்து 1, அப்புறம் 2, 1. ஆக, 8121. கி.பி.யிலும் வராது, ஹிஜ்ரியிலும் வராது. "இது போலிங்க. ஆண்டே தப்பா இருக்கு" என்று வியாபாரியிடம் வகுப்பு எடுக்கத் தொடங்கிவிட்டேன்.

பக்கத்தில் நின்ற ஒருவர் தணிந்த குரலில் சொன்னார்: "அய்யா, அதை அந்தப் பக்கமிருந்து படிக்கோணுங்க."

திரும்பிப் பார்த்தேன். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் காசை வாங்கி விரலால் காட்டினார். "எல்லாரும் நம்பரை இடமிருந்து வலமாத்தானுங்க போடுவாங்க. திப்பு பாதியில ஹிஜ்ரியை விட்டுட்டு மௌலூதின்னு வேற வருசக் கணக்கு கொண்டாந்தாரு. அதுல மட்டும் நம்பரை வலமிருந்து இடமாப் போட்டாருங்க. 1218. நம்ம கணக்குல 1790ஐ ஒட்டி வரும். நல்ல காசுங்க, வாங்கிக்கங்க."

காசைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். இடது கட்டை விரல். நகம் பாதிதான் இருந்தது, அதுவும் கறுத்து வெடித்திருந்தது. அந்த விரல் எனக்குத் தெரியும்! குழுவில் வரும் எத்தனையோ காசுப் படங்களின் ஓரத்தில் அதைப் பார்த்திருக்கிறேன்.

"தம்பி, நீங்க கரூரா?"

"ஆமாங்கய்யா." சட்டென்று காசை மேஜையில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றுவிட்டார். "உங்களைக் காலையிலயே பார்த்தனுங்க. வந்து பேசக் கூச்சமா இருந்துச்சு."

வெளியே போய் டீ குடித்தோம். பழைய இரும்பு, பித்தளை, செம்பு எடைக்கு வாங்கும் கடை வைத்திருக்கிறார். நகம் இரும்பு விழுந்து போனது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எடைக்கு வரும் செம்போடு பழைய காசும் வருமாம். உருக்கப் போகும் முன் ஒவ்வொரு மூட்டையையும் தரையில் கொட்டிப் பொறுக்குவார். "எழுத்து இருக்கறதை எப்படிங்க உலையில போடறது?" என்றார். ஸ்ரீராஜராஜ என்று சோழர் காசில் இருக்கும் நாகரி எழுத்தை அப்படித்தான் படிக்கக் கற்றார். அம்மன் காசில் தெலுங்கு. கடைக்கு எதிரே இருக்கும் பள்ளிவாசலில் ஒரு பெரியவரிடம் கேட்டுப் பாரசீக எண்கள். நான் முப்பத்துச் சொச்சம் வருஷம் வகுப்பறையில் இருந்தவன். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது.

"இவ்வளவு தெரிஞ்சும் குழுவுல ஒண்ணும் எழுத மாட்டேங்கிறீங்களே, போட்டோ மட்டும்தானே போடறீங்க?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. டீ தொண்டையில் நின்றது.

அவர் குறை சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "எழுதினா தப்பு வருதுங்கய்யா. சிலேட்டுன்னா எச்சி தொட்டு அழிச்சிரலாம். இது எல்லாரும் பார்த்துடறாங்க. அதானுங்க."

மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய், "அய்யோ, வாத்தியாருங்க போய் இப்படிச் சொல்லலாமுங்களா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ரயிலில் திரும்பும்போது குழுவின் பழைய செய்திகளைத் தேடிப் பார்த்தேன். அவர் கடைசியாக ஒரு வரி எழுதி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்கும் கீழே என் திருத்தம். பிழை நின்றது அவர் திருந்தியதால் அல்ல, பேசுவதையே நிறுத்தியதால். விடைத்தாளில் வெற்றிடம் விட்ட மாணவனுக்குப் பிழையே இல்லை என்று நூற்றுக்கு நூறு போட்டவன் மாதிரி இரண்டு வருஷம் திருப்தியாக இருந்திருக்கிறேன்.

பிறகு உங்களை நினைத்துக்கொண்டேன். கடைசி பெஞ்சில் கை தூக்காமலே பத்தாம் வகுப்பை முடித்துப் போனவர்கள் எத்தனை பேர்? உங்களில் யாராவது என்னால் வாயை மூடிக்கொண்டிருந்தால், இப்போது சொல்லுங்கள். இங்கே எழுத வேண்டாம் என்றால் போனில் சொல்லுங்கள். நான் கேட்டுக்கொள்கிறேன்.

திப்பு பைசாவை வாங்கிவிட்டேன். அம்மாவின் 1835 காலணாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காலணாவின் ஓரம் லேசாகக் கறுக்கத் தொடங்கியிருக்கிறது. அவர் சொன்னது சரிதான்.

அன்று இரவு ஒன்பதரைக்குக் கும்பகோணத்தில் இறங்கி ஆட்டோவில் ஏறினேன். வாட்ஸ்அப் மணி அடித்தது. குழுவில்தான். இருநூறு பேர் பார்க்க, கரூரிலிருந்து:

"அய்யா நள்ளபடியா ஊரு சேந்தீங்கலா"

விரல் ஒரு நிமிஷம் துடித்தது. பழக்கதோஷம். பிறகு எழுதினேன்:

"சேர்ந்துட்டேன் தம்பி. அந்த மௌலூதி கணக்கைக் கொஞ்சம் விளக்கமா எழுதுங்க. எல்லாருக்கும் உதவும்."

வெகுநேரம் 'எழுதுகிறார்' என்று காட்டிக்கொண்டே இருந்தது. வீடு வந்து, கை கால் கழுவி, இட்லி சாப்பிட்டு முடித்துப் பார்த்தபோது நாற்பது வரிக்கு வந்திருந்தது. இரண்டு முறை படித்தேன். எனக்கு ஒரு சந்தேகம்தான் வந்தது, திப்புவைப் பற்றி. அதைக் கேட்டேன்.