வெள்ளிக்கிழமை பப்ஸ்

வெள்ளிக்கிழமையானால் என் மகளின் சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும். கேட்டால், "பசிக்கலைம்மா" என்பாள். ஒன்பதாவது படிக்கிற பெண், வளருகிற வயசு. கறிவேப்பிலைத் துவையலும் சுக்குக் கஷாயமும் செய்து கொடுத்தேன். அடுத்த வெள்ளியும் டப்பா அப்படியேதான் வந்தது.

ஒரு நாள் பஸ்ஸில், அவள் கூடப் படிக்கிற பெண்ணின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்க பொண்ணுக்கு வயித்துல ஏதாவது கோளாறாக்கா? வெள்ளிக்கிழமையானா வயித்து வலின்னு கிளாஸ்லேயே தலையைக் கவுத்துப் படுத்துக்கிறாளாமே" என்றாள். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நடந்தது இது. ஆறு சிநேகிதிகள். வாரம் ஒருத்தியாக, வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாருக்கும் பேக்கரியில் வெஜிடபிள் பப்ஸ் வாங்கித் தருவார்களாம். என் பெண் மூன்று வாரம் சாப்பிட்டாள். நாலாவது வாரம் அவள் முறை. "நூத்தி இருபது ரூபா வேணும்மா" என்று வந்து நின்றாள். மாசக் கடைசி. கையில் காசு இல்லாத எரிச்சலில், "அடுத்தவங்க வாங்கிக் குடுத்தா நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் தின்னுட்டு வந்துடுவியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அதற்கப்புறம் எதையும் கேட்கவும் இல்லை. நானும், பெண் புரிந்துகொண்டாள் என்று நினைத்துவிட்டேன்!

அன்றைக்கே தீர்மானித்தேன். பப்ஸை நானே செய்து அனுப்புவது என்று.

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் அமிர்தி. 1967-ல் ஏற்பட்ட மிருகக்காட்சி சாலையையும் காட்டையும் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். ஆனால் பப்ஸ் வேண்டுமானால் நாங்கள் பஸ் ஏற வேண்டும். வீட்டில் பேக்கரி அடுப்பு கிடையாது. என்னிடம் இருந்ததெல்லாம் பிடிவாதம்தான்.

முதல் தடவை சிக்கனம் பார்த்து வனஸ்பதியில் செய்தேன். பொரிந்தது என்னவோ உண்மை. ஆனால் தின்றால் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டது. வெண்ணெய் வாயின் சூட்டிலேயே உருகிவிடும். வனஸ்பதி அப்படிச் சுலபத்தில் உருகாது. இன்னொரு விஷயமும் உண்டு. எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாகிற டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கும், இருதயத்துக்கு ஆகாது. அதனால்தான் எண்ணெய், கொழுப்பு வகைகளில் இது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. பிள்ளைகள் சாப்பிடுகிற பண்டத்தில் இந்தச் சிக்கனம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் தடவை வெண்ணெய் வாங்கினேன். ஒரு மத்தியானத்தில் உட்கார்ந்து தேய்த்தேன். வெண்ணெய் உருகி மாவோடு கலந்து, கடைசியில் வந்தது பிஸ்கட்! அடுக்கு என்ற பேச்சே இல்லை. பலகையைப் பார்த்துக்கொண்டு அழாக்குறையாக உட்கார்ந்திருந்தேன்.

என் மாமியார் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இது நம்ம பேணி மாதிரிதானே? மாவும் நெய்யும் ஒரே பதத்துல இருந்தாத்தான் இதழ் பிரியும். ஒண்ணு இளகி ஒண்ணு கெட்டியா இருந்தா எப்படி வரும்? மார்கழி ராத்திரியில செஞ்சு பாரு" என்றார். பப்ஸைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் அவர்! சூட்சுமத்தை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். அடுக்குகளுக்கு நடுவே வெண்ணெய் தனித்தனியாக நின்றால்தான், அடுப்புச் சூட்டில் மாவிலும் வெண்ணெயிலும் உள்ள தண்ணீர் ஆவியாகி ஒவ்வொரு இதழையும் தூக்கும். பப்ஸ் உப்புவது அந்த ஆவியால்தான். சோடா உப்போ ஈஸ்டோ எதுவும் வேண்டாம்.

மார்கழி வந்ததும், ஒரு வியாழக்கிழமை ராத்திரி ஆரம்பித்தேன். என் அளவு இதுதான்: மைதா கால் கிலோ, வெண்ணெய் 140 கிராம், உப்பு அரை டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன், ஜில்லென்ற தண்ணீர் அரை டம்ளருக்குக் கொஞ்சம் கூட.

வெண்ணெயில் ஒரு ஸ்பூனை மட்டும் மைதாவில் பிசிறி, உப்பும் சாறும் சேர்த்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, மூடி, அரை மணி வைக்க வேண்டும். மிச்ச வெண்ணெயை, கழுவித் துடைத்த இரண்டு பால் கவர்களுக்கு நடுவில் வைத்து, உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாகத் தட்டி பிரிட்ஜில் வையுங்கள். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும். ஆனால் கையில் ஒட்டக் கூடாது. அதுதான் பதம்.

மாவைத் தேய்த்து, வெண்ணெயை நடுவில் வைத்து, நாலு பக்கமும் மடித்து மூடுங்கள். நீளவாக்கில் தேய்த்து, கடிதம் மடிப்பது போல் மூன்றாக மடித்து, அரை மணி பிரிட்ஜில் வையுங்கள். இப்படி நாலு தடவை. ஒரு மடிப்புக்கு மூன்று அடுக்கு. நாலு மடிப்புக்கு எண்பத்தொன்று! இதே மாதிரி மாவில் செய்கிற ஒரு பட்சணத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஆயிரம் இதழ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அவசரப்பட்டு அழுத்தித் தேய்த்தால் எல்லாம் ஒன்றாகிவிடும். ராத்திரி முழுக்க மாவு பிரிட்ஜிலேயே இருக்கட்டும்.

பூரணத்தில் தாராளமாகச் சிக்கனம் செய்யலாம். பட்டாணி, காலிபிளவர் என்று தேட வேண்டாம். நான் இரண்டு உருளைக்கிழங்கும், பலாப்பழக் காலத்தில் செம்மண் பூசிக் காயவைத்து எடுத்து வைத்திருந்த பலாக்கொட்டையில் ஒரு கைப்பிடியும் வேகவைத்து உதிர்த்து, வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, மல்லித்தழையோடு வதக்கினேன். ஒன்றே ஒன்று முக்கியம். பூரணம் உதிரியாக இருக்க வேண்டும், நன்றாக ஆறியும் இருக்க வேண்டும். ஈரமோ சூடோ இருந்தால் அடி மாவு வேகாது.

விடியற்காலை நாலு மணி. மாவை 12-க்கு 16 அங்குலமாகத் தேய்த்து, கூரான கத்தியால் 4 அங்குலச் சதுரங்களாக வெட்டினால் சரியாகப் பன்னிரண்டு வரும். பூரணத்தை வைத்து, ஓரத்தில் தண்ணீர் தொட்டு, மடித்து ஒட்டுங்கள். முட்டைக்குப் பதில் மேலே பால் தடவினால் போதும். வெட்டின ஓரத்தில் மட்டும் பால் வழியக் கூடாது. அடுக்கு ஒட்டிக்கொண்டு எழும்பாது.

அடுப்புக்கு என்ன செய்தேன்? கொல்லைப்புற விறகடுப்பில் அகலமான இரும்பு வாணலி. அதில் இரண்டு விரற்கடை கல் உப்பு. அதன் மேல் பிரிமணை மாதிரி ஒரு ஸ்டாண்ட். பழைய இரும்பு தோசைக்கல்லால் மூடி, கல்லின் மேல் கொட்டாங்குச்சித் தணல். கால் மணி சூடேறின பிறகு, ஒரு தட்டில் நாலு நாலாக வைத்து, அரை மணி வேகவிட்டேன். முதல் கால் மணி திறக்கவே கூடாது. கேஸ் அடுப்புக்காரர்கள், கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்த குக்கரில் உப்புப் பரப்பிச் செய்யலாம். தண்ணீர் விடக் கூடாது. மேலே சூடு இல்லாததால் இருபது நிமிஷம் கழித்துத் திருப்பிப் போடுங்கள். தணல் வேலையை மட்டும் வீட்டுக்குள் வேண்டாம், வெளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஈட்டில் ஒன்று வாய் பிளந்தது. மற்ற பதினொன்றும் பொன்னிறமாக உப்பி நின்றன! என் கணக்கில் மொத்தச் செலவு 120 ரூபாய். அதாவது ஆறு பப்ஸ் வாங்குகிற காசில் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூனுக்கு மேல் வெண்ணெய் இருக்கிறது. அதனால் ஆளுக்கு ஒன்றுதான், அதுவும் எப்போதாவதுதான்.

நன்றாக ஆறவைத்து, காகிதம் போட்ட தகர டப்பாவில் ஆறை அடுக்கிக் கொடுத்தேன். மகள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அன்னிக்கு அம்மா பேசினது தப்பும்மா. காசு இல்லைன்னு மட்டும் சொல்லியிருக்கணும்" என்றேன். அவள் பதில் சொல்லாமல், டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

சாயங்காலம் வந்ததும் காலி டப்பாவை நீட்டினாள். சோற்று டப்பாவும் காலி. "என்னடி சொன்னாங்க?" என்றேன். "எந்தக் கடைன்னு கேட்டாங்க. சொன்னா நம்பவே இல்லை" என்று சிரித்துவிட்டு, சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, ரொம்பப் பசிக்குது. அந்த வாய் பிளந்தது இருக்கா?"

இருந்தது சகோதரிகளே! அவளுக்காகத்தான் எடுத்து வைத்திருந்தேன். அடுப்பில் சிக்கனம் பண்ணலாம், பூரணத்தில் பண்ணலாம். வெண்ணெயில் மட்டும் வேண்டாம். பிள்ளைகளிடம் பேசுகிற பேச்சிலும் வேண்டாம்.