பங்கேற்பாளர் நகல்

உறையூர் வெக்காளியம்மனுக்குத் தலைக்கு மேல் கூரை கிடையாது. எதிரே நிற்கும் சூலத்தில் பெண்கள் தங்கள் குறையைச் சீட்டில் எழுதிக் கட்டிவிட்டுப் போவார்கள். அதை யாரும் பிரித்துப் படிப்பதில்லை. 2009இல் அந்தக் கோயிலைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போவேன். என் பையிலும் பெண்களின் குறைகள் எழுதிய தாள்கள் இருக்கும்.

முதுகலை முடித்ததும் கிடைத்த வேலை. பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் பயிற்சியும் சேமிப்புக் கணக்கும் கொடுப்பார்கள். பெண் கையில் காசு சேர்ந்தால் வீட்டில் அடி குறைகிறதா, கூடுகிறதா என்பது ஆய்வுக் கேள்வி. கூடினால் அந்த அடியை வாங்கப்போவது யார் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.

ஆய்வுக்கு அறநெறிக் குழுவின் அனுமதி இருந்தது. ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்ட வேண்டும், கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும், ஒரு நகலைப் பங்கேற்பாளரிடம் கொடுக்க வேண்டும். மூன்றையும் நான் ஒழுங்காகச் செய்தேன்.

நெசவாளர் தெரு ஒன்றில் தார் சுற்றிக்கொண்டிருந்த ஓர் அக்கா, மாமியார் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து என்னை உள்ளே கூப்பிட்டார். ஒரு மணி நேரம் பேசினார். பெற்ற தாயிடம்கூடச் சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னார். கிளம்பும்போது நகலைக் கொடுத்தேன். மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தார். அந்தத் தாளின் தலைப்பில் கொட்டை எழுத்தில் ‘குடும்ப வன்முறை’ என்று இருந்தது.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனபோது அவருடைய இடது மணிக்கட்டில் துணிக்கட்டு. என்னை வாசல்படி ஏறவிடவில்லை.

“எனக்குத்தான் படிக்கத் தெரியாது பாப்பா. அவருக்குத் தெரியும்ல. இனிமே இந்தப் பக்கம் வராத” என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

அலுவலகத்தில் சொன்னேன். மேற்பார்வையாளர் வருத்தப்பட்டார். ஆனால் நடந்ததை எழுதப் படிவத்தில் இடமில்லை. ‘தொடர்பு விடுபட்டவர்’ என்ற கட்டத்தில் டிக் செய்தார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அந்தச் சம்பளம் தேவைப்பட்டது.

பல வருடம் கழித்துத்தான் படித்தேன். குடும்ப வன்முறை ஆய்வுகளுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2001இல் நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. பதில் சொல்லும் பெண்ணின் பாதுகாப்புதான் அதில் முதல் விதி. வன்முறை பற்றிய ஆய்வு என்று வீட்டிலும் ஊரிலும் தெரியக் கூடாது என்கிறது அது. தேசிய குடும்ப நல ஆய்விலும் ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், தனிமை கிடைத்தால் மட்டுமே இந்தக் கேள்விகளைக் கேட்கிறார்கள். மும்பையின் சேஹத் அமைப்பு முன்னின்று, நலம் சார்ந்த சமூக ஆய்வுகளுக்கான அறநெறிகள் 2000இலேயே வந்துவிட்டன. எல்லாமே நான் உறையூரில் கதவு தட்டுவதற்கு முன்பே எழுதப்பட்டவை.

ஒப்புதல் படிவத்துக்குள் அடங்காத ஆபத்தும் உண்டு. 2007இல் வெளியான தில்லி ஆய்வு ஒன்றில், ஓட்டுநர் உரிமம் எடுக்க வந்த 822 பேரில் ஒரு குழுவுக்கு, சீக்கிரம் உரிமம் பெற்றால் ஊக்கத்தொகை என்றார்கள். பலர் தரகர் மூலம், வண்டி ஓட்டத் தெரியாமலே உரிமம் வாங்கினார்கள். லஞ்சம் எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த ஆய்வு துல்லியமாகக் காட்டியது. ஆனால் அதே சாலையில் நடந்து போகிறவர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை.

மருந்துச் சோதனையில் ஒருவருக்குக் கெடுதல் நேர்ந்தால் அதை அறிவிக்கவும் இழப்பீடு தரவும் நம் நாட்டில் சட்ட விதி உண்டு. ஏழைகளின் பணத்தையும் உறவுகளையும் வைத்து நடக்கும் சோதனைக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அறநெறிக் குழு பெரும்பாலும் களத்துக்குப் போகும் முன் காகிதத்தைப் பார்க்கிறது. களத்திலிருந்து திரும்பி வருபவளிடம் என்ன நடந்தது என்று கேட்பது அரிது.

இப்போது ஆய்வு மாணவிகள் தங்கள் படிவத்தைக் காட்டி யோசனை கேட்டு வருகிறார்கள். இன்று ராத்திரி இந்தத் தாள் அந்த வீட்டில் யார் கையில் இருக்கும் என்று கேட்பேன். அடுத்தது, அவளுக்கு அடி விழுந்தால் அதை எந்தக் கட்டத்தில் எழுதப் போகிறாய் என்பேன். இரண்டுக்கும் பதில் வரும்வரை களத்துக்குப் போகாதே என்று சொல்லி அனுப்புகிறேன்.

அக்கா வரக் கூடாது என்று சொன்ன அந்தத் தெருவுக்கு நான் இதுவரை போகவில்லை.