தராசு சொல்லாத கணக்கு

நாற்பது ஆண்டுகள் அரிசி மண்டி நடத்தியவன் நான். எடையோடும் எடைக்கற்களோடும் என் வாழ்நாள் கழிந்தது. மண்டி வாசலில் இருந்த மேடைத் தராசில் மாதம் ஒருமுறை நானும் ஏறி நிற்பேன். முப்பது வயதில் 60 கிலோ இருந்தேன். அறுபது வயதிலும் அதே 60 கிலோதான். இதில் எனக்கு இருந்த பெருமிதம் கொஞ்சநஞ்சமல்ல. உற்றார் உறவினர் வீட்டு விருந்துகளில் இதைச் சொல்லிக் காட்டாமல் நான் எழுந்ததே இல்லை.

என் மனைவியும் ஏறத்தாழ அதே எடைதான். நான் 165 சென்டிமீட்டர் உயரம், அவளோ 152. ஆகவே அவள் பருத்தவளாகவும் நான் ஒல்லியானவனாகவும் தோன்றினோம். பிள்ளைகள் எதிரிலேயே அவளை 'மூட்டை' என்று கேலி செய்திருக்கிறேன். அவள் தட்டில் நெய்ச்சோறு இன்னொரு கரண்டி விழுந்தால், "போதும், போதும்" என்று கையை நீட்டித் தடுத்திருக்கிறேன். அவள் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்றே நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

2022-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கண் பரிசோதனைக்குச் சென்ற இடத்தில் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர், எனக்கு நீரிழிவு இருப்பதாகக் கூறி மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் நம்பவில்லை. "சர்க்கரை நோய் பருத்தவர்களுக்கு வருவது; என்னைப் பாருங்கள்" என்று சிரித்துவிட்டு வந்தேன். சீட்டு சட்டைப் பையிலேயே மடிந்து கிடந்தது. எட்டு மாதங்கள் கழித்து, செருப்பு கடித்துக் காலில் உண்டான சிறு புண் இரண்டு மாதமாகியும் ஆறாமல் கருக்கத் தொடங்கியபோதுதான் என் சிரிப்பு நின்றது. இறையருளால் கால் பிழைத்தது. ஆயினும் மனத்தில் ஒரு கேள்வி ஆறாமலே இருந்தது. கூடாமலும் குறையாமலும் எடையைக் காத்து வந்த எனக்கு இந்நோய் எப்படி வந்தது?

விடை சொன்னவள் என் இளைய மகள். உடற்பயிற்சி ஆய்வுத் துறையில் பணிபுரிகிற அவள், விடுமுறைக்கு வந்தபோது தன் கருவிகள் சிலவற்றையும் கொண்டு வந்திருந்தாள்.

"வாப்பா, ஒரு மூட்டையை எடையை மட்டும் பார்த்து வாங்குவீர்களா?" என்று கேட்டாள்.

"அதெப்படி? குத்தூசி போட்டு உள்ளே இருப்பது என்ன அரிசி, எவ்வளவு நொய், எவ்வளவு தவிடு என்று பார்க்காமல் வாங்குவேனா?"

"உங்கள் உடம்புக்கு மட்டும் ஏன் குத்தூசி போடவில்லை?"

எனக்குப் பதில் வரவில்லை.

பின்னர் அவள் விளக்கிய செய்திகளை வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்க்கும் கணக்கை 1830-களில் உருவாக்கியவர் பெல்ஜிய நாட்டு அறிஞர் கெத்தலே. அவர் தேடியது மக்கள் கூட்டத்தின் சராசரியை. தனி மனிதனின் கொழுப்பை அன்று. 1972-இல் அமெரிக்க அறிஞர் ஆன்சல் கீஸ் அதற்கு 'உடல் நிறை எண்' என்ற பெயரைச் சூட்டினார். அக்கணக்கின்படி என் எண் 22. குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் அந்த 60 கிலோவில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது.

இதனை முதன்முதலில் நன்கு எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பெங்க்கி. 1942-இல் அவரும் அவருடைய தோழர்களும் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் 25 பேரை நீருக்குள் அமர்த்தி எடை போட்டனர். எடை அட்டவணையின்படி அவர்களுள் 17 பேர் படைச் சேவைக்குத் தகுதியற்ற பருமனுடையோர். நீருக்குள் எடை பார்த்தபோதோ, அவர்களில் பெரும்பாலோரின் கனம் தசையே என்பது வெளிப்பட்டது! மகுடத்தில் கலப்படம் கண்டறிய ஆர்க்கிமிடீஸ் கையாண்டதாகச் சொல்லப்படும் அதே தத்துவம்தான் இது. ஒரு கன சென்டிமீட்டர் கொழுப்பு ஏறத்தாழ 0.9 கிராம், கொழுப்பு நீங்கிய உடற்பகுதி ஏறத்தாழ 1.1 கிராம். கொழுப்பு மிதக்கும், தசையும் எலும்பும் அமிழும். நீரில் குறையும் எடையைக் கொண்டு உடலின் அடர்த்தியை அறிந்தால் கொழுப்பின் பங்கைக் கணக்கிட்டுவிடலாம்.

எனக்கு நேர்ந்ததற்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்றையும் மகள் சொன்னாள். புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக், இலண்டன் மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரும் 2004-இல் தங்கள் உடல்களையே ஒப்பிட்டு 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. இருவகை ஆற்றலுள்ள ஊடுகதிர்களைக் கொண்டு அளந்தபோது யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலிலோ 21.2 சதவீதம்! நம் நாட்டவர் பலருக்கு மெலிந்த தோற்றத்தின் உள்ளே கொழுப்பு மறைந்திருக்கிறது. இதனாலேயே நமக்கு உடல் நிறை எண் 23-ஐத் தொட்டதுமே எச்சரிக்கை வேண்டும் என்கின்றனர். சென்னை ஆய்வாளர்கள் தலைமையேற்று நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. என்னைப் போன்ற ஒல்லியர்களும் அக்கணக்கில் உண்டு.

பின்னர் என்னை அளந்தாள். தோலை மடித்துப் பிடிக்கும் இடுக்கியால் மேற்கையின் முன்னும் பின்னும், தோள்பட்டை எலும்பின் கீழும், இடுப்பெலும்பின் மேலும் கொழுப்பின் தடிப்பைப் பார்த்தாள். அடுத்து, மெல்லிய மின்னோட்டத்தை உடலில் செலுத்தும் கருவி. நீர் மிகுந்த தசையில் மின்சாரம் எளிதில் ஓடும், கொழுப்பில் தடைப்படும். அந்தத் தடையைக் கொண்டு கணக்கிட்டதில் என் கொழுப்பு 29 சதவீதம் என்று வந்தது.

"இதை முடிந்த முடிபாகக் கொள்ளாதீர்கள், வாப்பா. உயிரோடிருக்கும் உடலில் எல்லா முறைகளும் ஊகக் கணக்குகளே. நோன்பு திறப்பதற்குச் சற்று முன் இக்கருவியில் நின்றால், உடலில் நீர் குறைந்திருப்பதால் கொழுப்பைக் கூட்டிக் காட்டிவிடும். ஒரே கருவியில், ஒரே நேரத்தில், ஒரே நிலையில் மீண்டும் மீண்டும் பார்ப்பதே முறை" என்றாள்.

ஆயினும் பிடிவாதம் பேச எனக்கு வழியில்லாமல் செய்தது ஒரு சாதாரணத் தையல் நாடா. இளமையில் 76 சென்டிமீட்டராக இருந்த என் இடுப்புச் சுற்றளவு இப்போது 96. நம் நாட்டு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதே எல்லை. எடை மாறவில்லை, இடுப்போ பெருத்திருக்கிறது. அப்படியானால் வேறு ஏதோ கரைந்திருக்க வேண்டுமல்லவா? கரைந்தது தசை. உண்ட உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையின் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசையே. கல்லாவில் அமர்ந்தே கழித்த ஆண்டுகளில் அந்தக் களஞ்சியத்தை நான் சுருங்க விட்டுவிட்டேன். தொழுகையில் எழும்போது தரையில் கையூன்றத் தொடங்கியதை முதுமை என்று எண்ணியிருந்தேன். அதுவும் தசை விடுத்த எச்சரிக்கையே.

கடைசியாகக் கைப்பிடி வலிமை பார்க்கும் கருவி. ஆண்களுக்கு 28 கிலோவும் பெண்களுக்கு 18 கிலோவும் ஆசிய மருத்துவ அறிஞர்கள் 2019-இல் வகுத்த கீழெல்லை. எனக்கு வந்தது 24. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் மனைவியிடம் மகள் கருவியை நீட்டினாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் ஒரு பிடி பிடித்தாள். 22! அவளுக்குரிய எல்லையை எளிதாகத் தாண்டிவிட்டாள். மறுநாள் பார்த்த இரத்தச் சோதனையிலும் அவளுக்குச் சர்க்கரை இல்லை. அவள் இடுப்பு 84 என்பதால் அவளும் நடக்க வேண்டும் என்று மகள் சொன்னது உண்மைதான். ஆனால் குடம் சுமந்து, மாவாட்டி, மாடிப்படி ஏறி இறங்கி, ஐந்து பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த அந்த உடலைத்தான் நான் முப்பது ஆண்டுகளாகக் கேலி செய்திருக்கிறேன்!

அன்றிரவு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தவள், "நீங்கள் சொன்னது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் உங்கள் பேச்சைக் கேட்டு நம் பெரியவளும் தன் தட்டில் சோற்றைக் குறைத்துக்கொண்டே வளர்ந்தாளே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை" என்றாள். அந்தச் சொல்லுக்கு இன்றுவரை என்னிடம் பதிலில்லை.

இப்போது மாத்திரையைத் தவறாமல் உட்கொள்கிறேன். நாள்தோறும் கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சி செய்கிறேன். மாலையில் இருவருமாக நடக்கிறோம். சோற்றைக் குறைத்துப் பருப்பும் முட்டையும் மீனும் கூட்டியிருக்கிறோம். ஓராண்டில் என் இடுப்பு 91 சென்டிமீட்டராக இறங்கியது. எடை? அதே 60 கிலோதான்!

வாசக அன்பர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு தையல் நாடா இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் ஒருமுறை அளந்து பாருங்கள். எல்லை தாண்டியிருந்தால், ஒல்லியாகத்தானே இருக்கிறோம் என்று இராமல் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள பெண்களின் உடலைக் கண்ணால் எடை போட்டுப் பேசும் வழக்கம் எவரிடமேனும் இருந்தால் அதை இன்றே விட்டுவிடுங்கள். எடை போடுவதையே தொழிலாகக் கொண்டிருந்த நான் அதில் எவ்வளவு பிழை செய்தேன் என்பதைச் சொல்லவே இதனை எழுதினேன்.