கஞ்சமலையின் கறுப்பு வரிகள்

அமாவாசை இல்லாத நாள் என்பதால் சேலத்தை அடுத்த கஞ்சமலையின் சித்தர் கோயில் வாசலில் சந்தடி இல்லை. கோயிலைத் தாண்டி, மலையிலிருந்து இறங்கும் ஓடைக்குள் நடந்தேன். தண்ணீர் வற்றிக் கிடந்தது. காகிதம் சுற்றிய காந்தத்தை மணலில் ஒரு இழுப்பு இழுத்துத் தூக்கினால், கறுப்புத் தூள் முள்முள்ளாகச் சிலிர்த்து ஒட்டியிருந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“இந்த இரும்பெல்லாம் மலைக்கு எங்கிருந்து வந்துச்சு தம்பி?”

“கடல்ல இருந்துங்க ஐயா.”

“இங்க ஏது கண்ணு கடலு?” என்றவர், தானும் கூடவே ஏறினார்.

சிறிது உயரத்திலேயே பாறை வெளிப்பட்டது. கறுப்பு ஒரு வரி, வெள்ளை ஒரு வரி. விரல் தடிமனில் சில, நூல் போலச் சில. கறுப்பு மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமம், வெள்ளை குவார்ட்ஸ். திசைகாட்டியை அருகில் கொண்டுபோனால் முள் வடக்கை மறந்து பாறைப் பக்கம் திரும்புகிறது. 1864-இல் வெளிவந்த கிங், புரூஸ் ஃபுட் இருவரின் நில ஆய்வு அறிக்கை சேலத்து இரும்புப் படுகைகளை விவரித்தது இத்தகைய வரிகளைப் பார்த்துத்தான்.

ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இவை கடலடிச் சேறு. நீரில் கரைந்திருந்த இரும்பு துருவாகப் படிந்தது. அதன்மேல் பின்னாளில் குவார்ட்ஸாகும் சிலிக்கா, மறுபடி இரும்பு என அடுக்கடுக்காகச் சேர்ந்தது. பிறகு நிலம் நெருக்கி அதை 25 கிலோமீட்டருக்கும் கீழே அமிழ்த்தியது. அங்கே வெப்பம் 700 டிகிரிக்கு மேல். ஆனால் இரும்பு வரிகள் உருகிவிடவில்லை. சூளையில் வெந்த செங்கல்லைப் போல, இருந்த நிலையிலேயே வேறாகின. துருவிலிருந்த நீர் வெளியேறியது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஒன்றையொன்று விழுங்கி, கையில் நெருடும் மணிகளாக வளர்ந்தன.

அழுத்தம் இன்னொரு வேலையும் செய்தது. ஓரிடத்தில் வரிகள் சேலைக் கொசுவம் போல மடிந்திருந்தன. மடிப்பின் முனையில் கறுப்பு வரி தடித்திருக்கிறது, இரு பக்கங்களிலும் மெலிந்திருக்கிறது. மலை முழுவதுமே இப்படி உட்குழிந்த ஒரு பெரிய மடிப்புதான். புதிதாக இரும்பு எதுவும் வராமலேயே, இருந்தது சில இடங்களில் திரண்டுவிட்டது.

வெப்பம் கொடுத்ததோடு எடுத்துக்கொண்டதும் உண்டு. சில வரிகளில் பச்சை கலந்த பழுப்பு மணிகள் தெரிந்தன. இரும்பில் ஒரு பங்கு சிலிக்காவோடு கூடிப் பைராக்சீன் என்னும் கனிமமாக மாறிய இடங்கள் அவை. அந்த இரும்பு காந்தத்துக்கு வசப்படாது, உலைக்கும் எளிதில் கிடைக்காது.

தூய மேக்னடைட்டில் 72 சதவீதம் இரும்பு. இந்தப் பாறையிலோ 35 முதல் 40 வரைதான், மீதியில் பெரும்பங்கு குவார்ட்ஸ். இருந்தும் சேலம் வட்டாரத்து ஊர் உலைகள் இந்த மணலையும் கல்லையும் கொண்டே உருக்குச் செய்தன. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் நிறுவிய இரும்பாலைக்கும் சேலத்துக் கல் போயிற்று. இத்தனை குறைந்த தரத்துக் கல் எப்படிப் பயன்பட்டது என்பதுதான் நான் பெரியவருக்குக் காட்ட விரும்பியது.

இறங்கும் வழியில் உதிர்ந்து கிடந்த ஒரு பாறைச் சில்லை இரண்டு கற்களுக்கு நடுவே வைத்து இடித்தேன். கரகரவென்ற பொடியைத் துண்டில் கொட்டிக் காந்தத்தை மேலே ஓட்டினேன். கறுப்பு எழும்பிப் போயிற்று, வெள்ளை துண்டிலேயே தங்கிவிட்டது. அந்தக் கடற்சேறு வேகாமலே கல்லாகியிருந்தால், மாவினும் நைஸாக அரைத்தாலொழிய இரண்டும் பிரிந்திருக்காது. இரும்பைத் தந்தது கடல். பிரித்தெடுக்கும்படி அதை மணியாக்கித் தந்தது நிலத்தடி வெப்பம்.

பெரியவர் வெள்ளைப் பொடியை விரலால் ஒதுக்கிப் பார்த்தார்.

“புடைச்ச மாதிரி உமி வேற, அரிசி வேறன்னு ஆயிருச்சே!” என்றார்.