ஆடிக் கற்கும் அறிவு

நுழையும்முன்
செய்தியை அறிவது ஒன்று. அதனை ஆராய்ந்து முடிவெடுப்பது மற்றொன்று. முன்னதைத் திறன்பேசி நொடியில் தந்துவிடுகிறது. பின்னதை எவ்வாறு கற்பது? இளையோர் நாள்தோறும் ஆடும் இணைய விளையாட்டுகளுக்குள்ளேயே அதற்கொரு வழி இருப்பதை இக்கட்டுரை காட்டுகிறது.

ஏரிக்கரையில் இருவர்
காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்று தென்னேரி. ஊரின் பெயரும் அதுவே. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால், நாளிதழில் அது ஒருவரிச் செய்தியாகும். அவ்வரியைப் படிக்கும் முதிய உழவர், நீர் எத்தனை நாள் பாசனத்திற்குத் தாங்கும், கலங்கல் வழிந்தால் எந்த வயல்களில் வெள்ளம் புகும் என்று கணக்கிடுவார். அதே கரையில் அமர்ந்திருக்கும் அவருடைய பெயரன், திறன்பேசியில் கற்பனை நகரொன்றைக் காக்க மதில் எழுப்பிக்கொண்டிருப்பான்.

அவன் பொழுதை வீணாக்குகிறான் என்று சொல்லிவிடுவது எளிது. உற்றுநோக்கினால் உண்மை வேறாகத் தோன்றும். அவன் கையிருப்பைக் கணக்கிடுகிறான். வரப்போகும் இழப்பை முன்கூட்டியே எண்ணுகிறான். தோற்றால் காரணம் தேடி மீண்டும் முயல்கிறான். ஏரியைப் பற்றிய செய்தி தன் வாசகரிடம் எதிர்பார்ப்பதும் இத்திறன்களையே. பாட்டனும் பெயரனும் செய்வது ஒரே வேலைதான். ஒருவருக்கு ஏரி மெய், மற்றவருக்கு நகரம் பொய்.

விளையாட்டின் வழியே கற்பது தமிழருக்குப் புதிதன்று. பல்லாங்குழி எண்ணக் கற்பித்தது. ஆடுபுலி ஆட்டம் எதிரியின் அடுத்த நகர்வை எண்ணிப் பார்க்கக் கற்பித்தது. பரமபதம் நல்வினை தீவினைகளின் பயனை ஏணியாகவும் பாம்பாகவும் காட்டியது.

பொய்ச்செய்தியின் விலை
ஆராயாமல் நம்பியதற்கான விலையை வடதமிழகம் அறியும். 2018ஆம் ஆண்டு மே மாதம், குழந்தை கடத்துவோர் நடமாடுகின்றனர் என்னும் பொய்ச்செய்தி, வாட்ஸ்அப் எனப்படும் புலனத்தின் வழியே பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோவிலுக்குச் சென்ற குடும்பத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு அன்போடு மிட்டாய் கொடுத்தார். ஐயுற்ற கூட்டம் தாக்கியதில் அவர் உயிரிழந்தார். செய்தியைப் பகிர்ந்தவர்கள் பலரும் ஊரைக் காப்பதாகவே எண்ணியிருப்பர். ‘இதை யார் சொன்னார்? சான்று யாது?’ என்னும் இரண்டு கேள்விகள் எழுந்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும்.

அக்கேள்விகளைப் பழக்கமாக்க முனைந்த இணைய விளையாட்டொன்று அதே ஆண்டில் வெளிவந்தது. ‘பேட் நியூஸ்’ என்பது அதன் பெயர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நெதர்லாந்தைச் சேர்ந்த குழுவொன்றும் இணைந்து அதனை உருவாக்கினர். அதில் ஆடுபவரே பொய்ச்செய்தி பரப்புபவர். பிறரைப்போல் நடித்தல், உணர்ச்சியைத் தூண்டுதல், மக்களைப் பிளவுபடுத்துதல் முதலிய ஆறு உத்திகளை அவர் கையாள வேண்டும். சிறிதளவு நோய்க்கூற்றைச் செலுத்தி நோயெதிர்ப்பாற்றலை வளர்க்கும் தடுப்பூசியைப்போல, பொய்யின் உத்தியை உள்ளிருந்து அறிந்தவர் வெளியில் அதனைக் கண்டுகொள்வார் என்பதே இதன் அடிப்படை. அதனை ஆடியோர் பொய்யை இனங்காண்பதில் முன்னேறியதாக ஆய்வுகள் தெரிவித்தன.

நம் மண்ணின் ஆட்டம்
எனினும், இதே முறையிலான விளையாட்டை இந்தியச் சூழலுக்கேற்ப மாற்றி, இந்தியில் அமைத்துச் சோதித்த ஆய்வொன்று 2023ஆம் ஆண்டு வெளியானது. அதில் எதிர்பார்த்த பயன் விளைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அயலூர் நாற்று எல்லா வயலிலும் வேர்பிடிப்பதில்லை. ஆடுபவரின் வாழ்விலிருந்தே ஆட்டமும் முளைக்க வேண்டும்.

அதற்கான வித்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் உள்ளது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தைச் சேர்ந்த அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை; குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுபவை. நீர்நிலையைப் பேண ஏரி வாரியமும் இருந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் உறுப்பினராக இயலாது. அவருடைய உறவினர்க்கும் அத்தடை உண்டு. தெளிவான விதிகள், வரையறுத்த காலம், தவற்றுக்குத் தண்டனை என ஒரு நல்ல விளையாட்டுக்கு வேண்டியவை அனைத்தும் அங்கே உள்ளன.

தென்னேரி மாணவரே ஏரி வாரிய உறுப்பினராக ஆடும் விளையாட்டொன்றை எண்ணிப் பார்க்கலாம். மழை அளவு அன்றைய செய்தியிலிருந்து வரும். மதகைத் திறப்பதா, மூடுவதா? கரை உடையப்போகிறது என்று வந்த தகவல் மெய்யா, பொய்யா? ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு வயல் விளையும் அல்லது மூழ்கும்.

எல்லா ஆட்டமும் நன்றன்று. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை 2025ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றியது. ஒருவரின் நேரத்தையும் பொருளையும் பறிப்பது சூது. அவருடைய அறிவைக் கூர்மையாக்கித் திருப்பித் தருவது கல்வி. நல்ல ஆட்டத்திற்கு ஓர் அடையாளம் உண்டு: அது முடிந்ததும் ஆடியவர் திறன்பேசியை வைத்துவிட்டு எழுவார், கரைமேல் ஏறி ஏரியில் நீர் எவ்வளவு உள்ளது என்று தம் கண்ணாலேயே பார்ப்பார். அப்போது பாட்டனுக்கும் பெயரனுக்கும் பேச ஒரு செய்தி இருக்கும்.