எது நம் கடன், எது நம் கடன் அல்ல

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாரே,



இந்த வாரம் நான் எழுதுவது, பிரசங்க பீடத்தில் நின்று சொல்லக் கூச்சப்பட்ட ஒரு காரியம். கடந்த இரண்டு மாதங்களில் நம் சபையைச் சேர்ந்த மூவர், ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர், மடித்த காகிதங்களோடு தனித்தனியே என்னிடம் வந்தார்கள். மூன்றும் கிரெடிட் கார்டு கணக்குத் தாள்கள். மூவரும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். "கட்டணத்துக்கு மேல் கட்டணம் போட்டிருக்கிறார்கள், ஐயா. விசுவாசிகள் இதற்கெல்லாம் சண்டைக்குப் போகலாமா?" என்பதே அவர்களுடைய கேள்வி. அவர்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். அதற்கு என் வீட்டுக் கதையை முதலில் திறந்து வைக்க வேண்டும்.

என் மகளைச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தபோது கையில் பணம் போதவில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் விருத்தாசலத்தில் ஒரு வங்கியின் கிரெடிட் கார்டை வாங்கியிருந்தேன். அதன் வரம்பு 40,000 ரூபாய். கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அதில் செலுத்தினேன். "பணத்துக்கு என்ன செய்தீர்கள்?" என்று மனைவி கேட்டபோது, "ஒரு நண்பர் கொடுத்தார்" என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லலாகாது என்று ஞாயிறுதோறும் போதிக்கிற வாய்தான் அதைச் சொன்னது.

மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தேன். மாதம் 3.5 விழுக்காடு என்று சிறிதாகத் தோன்றும் வட்டி, ஆண்டுக்கு 42 விழுக்காடு என்பதை நான் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. ஆகஸ்டு மாதத்தில் வந்த கணக்குத் தாளில் மூன்று கட்டண வரிகள் இருந்தன. ஜூன் மாதத்துக்குத் தாமதக் கட்டணம் 750. ஜூலை மாதத்துக்குத் தாமதக் கட்டணம் 750. வரம்பு மீறியதற்குக் கட்டணம் 500. இவற்றின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 2,360 ரூபாய். நம்மைப் போன்ற ஒரு வீட்டுக்கு அது மாத மளிகையில் பெரும் பங்கு.

எனக்குக் கோபம் மூண்டது. மூன்று கட்டணங்களும் அநியாயம் என்று ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். கூடத்தில் அமர்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த மனைவி, "என்னங்க, யாருக்கு இவ்வளவு கோபமாக எழுதுகிறீர்கள்?" என்றாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பின்பு முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, "அந்தத் தாள்களைக் கொண்டு வாருங்கள்" என்றாள்.

இருவருமாக வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் கார்டின் தாள்களையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒவ்வொரு தேதியாகப் பார்த்தோம். ஜூன் மாதத்தில் கடைசித் தேதி 12. நான் கட்டியது 21. "இது நம்முடைய தப்பு. இதை ஏன் அவர்கள்மேல் எழுதுகிறீர்கள்?" என்றாள். ஜூலை மாதத்திலும் கடைசித் தேதி 12தான். நான் கட்டியது 14, இரண்டே நாள் தாமதம். வரம்பு மீறியது எப்படி என்று தேடினோம். நிலுவை 38,400 ரூபாயாக இருந்தபோது இருசக்கர வாகனத்தின் காப்பீட்டுக்கு 2,150 ரூபாயைக் கார்டில் செலுத்தியிருந்தேன். எந்தத் தடையும் இல்லாமல் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. வரம்புக்கு மேலே போனது 550 ரூபாய். அதற்கு விதித்த கட்டணம் 500 ரூபாய்!

பிரியமானவர்களே, இந்த இடத்தில் சட்டம் சொல்வதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று கடன் அட்டைகளுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றின்படி, கடைசித் தேதிக்குப் பின் மூன்று நாட்களுக்கு மேல் நிலுவை இருந்தால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம். கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தாமதம் என்று தெரிவிப்பதற்கும் அதுவே விதி. கார்டு வைத்திருப்பவரின் வெளிப்படையான சம்மதம் பெறாமல் வரம்பு மீற இடங்கொடுக்கலாகாது. என்னிடம் எவரும் அப்படிச் சம்மதம் கேட்கவில்லை. ஆகவே மூன்று வரிகளில் ஒன்று எங்கள் கடன். இரண்டு எங்கள் கடன் அல்ல. எங்களுடையது வரியோடு 885 ரூபாய். எங்களுடையதல்லாதது 1,475 ரூபாய்.

எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். முதலில் அந்த 885 ரூபாயையும், அம்மாதத்துக்குரிய குறைந்தபட்சத் தொகையையும் கடைசித் தேதிக்கு முன்பே கட்டினேன். வழக்கு இருக்கிறது என்று சொல்லி எல்லாவற்றையும் நிறுத்தி வைப்பது நமக்கே கண்ணி. வட்டி ஏறும், கடன் மதிப்பெண் குறையும். பிறகு வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் பேசினேன்.

மறுமுனையில் பேசிய தம்பி மரியாதையாகவே பேசினார். "சார், நல்லெண்ண அடிப்படையில் மொத்தக் கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தருகிறோம். புகாரை முடித்துக்கொள்ளலாமா?" என்றார். பாதி என்றால் 1,180 ரூபாய். உள்ளதைச் சொல்கிறேன், ஒரு கணம் மனம் சபலப்பட்டது. அலைச்சல் மிச்சம், பணமும் ஏறக்குறைய வந்துவிடும். ஆனால் அன்று காலை தியானத்தில் வாசித்திருந்த அப்போஸ்தலர் நடபடிகளின் 16ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது.

பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் அதிகாரிகள் ஆள் அனுப்பி, அவர்களை விட்டுவிடலாம் என்று சொன்னார்கள். பவுல் சந்தோஷமாகப் புறப்பட்டுப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. ரோமக் குடிகளாகிய எங்களை வெளியரங்கமாய் அடித்துவிட்டு இரகசியமாய் அனுப்பப் பார்க்கிறீர்களே, நீங்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போங்கள் என்ற கருத்தில் பதில் சொல்லி அனுப்பினார். அவர்களும் பயந்து வந்தார்கள். முந்தின இரவு அதே சிறையில் தேவனைத் துதித்துப் பாடிய பவுல்தான் இவர். சாந்தமும் நியாயம் கேட்கும் துணிவும் அவருக்குள் ஒன்றாக இருந்தன. அவருக்குப் பின் அந்தப் பட்டணத்தில் தங்கப்போகிற சிறு சபைக்கும் அந்தக் கேள்வி பாதுகாப்பாக இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

நான் அந்தத் தம்பியிடம், "ஜூன் மாதக் கட்டணம் என் தவறு. அதைக் கட்டிவிட்டேன், அதில் சலுகை வேண்டாம். மற்ற இரண்டும் விதிக்கப்பட்டிருக்கவே கூடாதவை. அவற்றைத் திருத்தித் தாருங்கள்" என்றேன். தமக்கு அந்த அதிகாரம் இல்லை என்றார். அவரிடம் கோபித்துப் பயனில்லை. புகார் எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

அதன்பின் வங்கியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்பினேன். தேதிகள், தொகைகள், விதி, கணக்குத் தாள்களின் நகல்கள் ஆகியவற்றைத் தவிர வசைச்சொல் ஒன்றும் அதில் இல்லை, ஒரே பக்கந்தான். முப்பது நாட்கள் கடந்தும் பதில் இல்லை. அப்பொழுது ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின் கீழ் விண்ணப்பித்தேன். 2021 நவம்பர் 12 அன்று தொடங்கப்பட்ட திட்டம் அது. வங்கி முப்பது நாட்களில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தி தராவிட்டாலும் அங்கே போகலாம். ஆனால் குறித்த காலத்துக்குள் போய்விட வேண்டும். கட்டணம் இல்லை. இணையத்தில் பதியத் தெரியாதவர்கள் சண்டிகரிலுள்ள அதன் மையத்துக்குத் தபாலில், தமிழிலேயே எழுதி அனுப்பலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு. சில வாரங்களில் 1,475 ரூபாய் என் கணக்கில் திரும்ப வரவு வைக்கப்பட்டது. மன்னிப்போ விளக்கமோ இல்லை. வரிகள் மட்டும் திருத்தப்பட்டிருந்தன. எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

இதில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தவறான கட்டணத்தை நாம் திருத்தலாம். நாமே ஒப்புக்கொண்ட வட்டியைப் புகாரால் நீக்க முடியாது. கார்டு வட்டி ஆண்டுக்கு 30 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. ஆகையால் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டே காலம் தள்ளலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். நாங்கள் அந்தக் கார்டின் நிலுவையை அடைக்க மனைவியின் ஒரு சிறு நகையை விற்றோம். அவள் அதைக் குறித்து இன்றுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவள் மனதை வருத்தியது நகை அல்ல, "நண்பர் கொடுத்தார்" என்று நான் சொன்ன பொய்.

என்னிடம் காகிதங்களோடு வந்த மூவரில் ஒருவர், வங்கியிலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம் கைப்பேசியை அணைத்துவிடுகிறார். இன்னொருவர் வீட்டில் யாருக்கும் தெரியாமல் எட்டு மாதங்களாகக் கட்டணங்களைக் கட்டிவருகிறார். வெட்கம் நம் வாயை அடைத்துவிடுகிறது; அந்த மௌனத்தில் உண்மையான கடனும் வளர்கிறது, பொய்யான கடனும் வளர்கிறது. ஆகவே இந்த வாரம் உங்கள் தாள்களை எடுத்து, உங்கள் வீட்டாரோடு உட்கார்ந்து வாசியுங்கள். உங்கள் தவறு எங்கே இருக்கிறதோ அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அப்போதுதான் மற்றதை நிமிர்ந்து நின்று கேட்க முடியும். தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். எரேமியா தீர்க்கதரிசி 17 சேக்கல் வெள்ளிக்கு நிலம் வாங்கியபோது, கிரயப்பத்திரங்களை நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். பத்திரம் காப்பதும் விசுவாசக் குறைவல்ல.

எழுதத் தெரியாதவர்கள் புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டத்துக்குப் பின் என்னிடம் வாருங்கள். நானும் உங்களோடு தரையில் உட்கார்ந்து தேதிகளைப் பார்க்கிறேன். நீங்கள் சொல்வது என்னோடு இருக்கும்.

ஜெபிப்போம்: அன்புள்ள பரம பிதாவே, நாங்கள் மறைத்து வைத்தவற்றை வெளிச்சத்தில் வைக்கத் தைரியம் தாரும். எங்கள் கடனை ஒத்துக்கொள்ளும் நேர்மையையும், எங்கள் கடன் அல்லாததைச் சாந்தமாய் மறுக்கும் பெலனையும் தாரும். எங்கள் வீடுகளில் உண்மை தங்கட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

உங்கள் போதகர்,
மங்கலம்பேட்டை