தட்டிக் கேட்டால் சொல்லும்

நாகப்பட்டினத்தை அடுத்த அக்கரைப்பேட்டையில், ஃபைபர் படகு பழுது பார்க்கும் அந்தக் கொட்டகையில் காலை ஆறு மணிக்கே வேலை தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறிவிட்டால் கண்ணாடி இழையைப் பிணைக்கும் ரெசின் சொன்ன பேச்சுக் கேட்காது. நான் போய்ச் சேர்ந்தபோது மேஸ்திரி ஒரு படகின் பின்பலகையைச் சுத்தியலின் மரக்காம்பால் தட்டிக்கொண்டிருந்தார். நான்கு விரற்கடைக்கு ஒரு தட்டு. டக், டக், டக். இன்ஜின் மாட்டும் இடத்துக்கு வந்ததும் சத்தம் மாறியது: தொப். சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தார். மேலே தட்டினார், கீழே தட்டினார். புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தபோது ஒரு முறம் அளவுக்கு வட்டம் விழுந்தது.

"வெளியே பூரா நல்லாத்தான் இருக்கு தம்பி. உள்ளே பலகை ஊறிப்போச்சு."

தம்பி என்று அழைக்கப்பட்டவர் படகின் புதிய சொந்தக்காரர். வயது முப்பதுக்குள் இருக்கும். மன்னார்குடிப் பக்கம் பம்புசெட் மோட்டார் பழுது பார்ப்பவர். கடலோடு முன்பின் பழக்கமில்லை. 16 அடி நீளமுள்ள இந்தப் பழைய மோட்டார் படகை அதன் ட்ரெய்லரோடு சேர்த்து ஏலத்தில் எடுத்திருந்தார். வரும்போதே உப்புத்தாளும் நீலப் பெயிண்டும் வாங்கி வந்துவிட்டார். மேஸ்திரி பெயிண்ட் டப்பாவைக் கொட்டகை மூலையில் வைக்கச் சொன்னார். அது அங்கேயே ஐந்து வாரம் இருந்தது.

ஃபைபர் படகு மட்காது என்றுதான் பலரும் நினைக்கிறோம். கண்ணாடி இழை மட்காது, உண்மை. ஆனால் இன்ஜினின் எடையையும் உந்தலையும் தாங்கவேண்டிய பின்பலகைக்குள் பல படகுகளில் பிளைவுட் வைத்து இருபுறமும் ஃபைபரால் மூடியிருப்பார்கள். முன்பு வைத்திருந்த யாரோ ஏதோ மாட்டுவதற்காக இரண்டு துளை போட்டு, பிறகு அவற்றை அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். பென்சில் நுழையும் அளவுதான். அந்த வழியாகப் பல வருடம் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மேஸ்திரி கட்டிங் மெஷினால் உள்பக்கத் தோலை அறுத்து எடுத்தார். உள்ளே இருந்தது பலகையே இல்லை. ஊறவைத்த அவல் போலக் கையோடு வந்தது. இளைஞர் வெகுநேரம் பேசவில்லை.

மேஸ்திரியின் தகப்பனார் ஓடாவி, அதாவது மரப்படகு கட்டிய தச்சர். மகனும் உளியோடுதான் தொடங்கினார், ஃபைபருக்குப் பிறகு வந்தார். அமெரிக்காவில் ரே கிரீன் என்பவர் கண்ணாடி இழையில் படகு செய்தது 1942இல். தமிழகக் கடற்கரைக்கு மாற்றம் வேறு வழியில் வந்தது. 1980களில் குமரி மாவட்டத்து முட்டத்தில் பெல்ஜியப் பாதிரியார் பியர் ஜிலே பிளைவுட் படகுகளைக் கொண்டுவந்தார். பிறகு ஃபைபர் மெல்லப் பரவியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அது வெள்ளமாக வந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்த நாகை மாவட்டத்தில், நிவாரணமாக வந்த படகுகளில் பெரும்பகுதி ஃபைபர்தான். கட்டுமரம் கட்டியவர்களும் மரம் இழைத்தவர்களும் சில மாதங்களில் ரெசினுக்கு மாறினார்கள். "அப்பா மரத்தோட நரம்பு பார்ப்பாரு. இதுல நரம்பே கிடையாது, காதாலதான் பார்க்கணும்" என்றார் மேஸ்திரி.

பின்பலகையை மறுபடி மூடக் கலவை போடும் இடத்தில் அவர் குரல் கண்டிப்பாக மாறுகிறது. ரெசினில் முதலில் ஊதா நிறக் கோபால்ட்டை ஊற்றி நன்றாகக் கலக்கவேண்டும். அதன் பிறகே தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றினால் வெடித்துத் தீப்பிடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இரண்டு பாட்டிலும் கொட்டகையின் எதிரெதிர் மூலைகளில் இருக்கின்றன. ஒரு கிலோ ரெசினுக்குக் கேட்டலிஸ்ட் 10 முதல் 20 மில்லி. வெயில் நேரத்தில் குறைந்த அளவு. இளைஞர் முதல் நாள் ஒரே மூச்சில் இரண்டு கிலோ கலந்துவிட்டார். கால்வாசி பூசுவதற்குள் வாளி சுட்டது, புகைந்தது, கட்டியானது. மறுநாளிலிருந்து அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கலக்கப் பழகினார்.

'மேட்' என்கிற கண்ணாடி இழை விரிப்பின் மேல் பிரஷ்ஷைத் தேய்க்கக் கூடாது, குத்தவேண்டும். தேய்த்தால் இழை கலைந்துவிடும். வெள்ளையாக இருக்கும் மேட் ரெசினைக் குடிக்கக் குடிக்கக் கண்ணாடியாகிறது. எங்கே வெள்ளை மிஞ்சுகிறதோ அங்கே காற்று இருக்கிறது. இரும்பு ரோலரை ஓட்டி அந்தக் காற்றை ஓரத்துக்குத் தள்ளுகிறார்கள். பக்கச்சுவரில் இருந்த விரிசலுக்கு ஒட்டுப் போட்ட விதத்தையும் பார்த்தேன். 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள சுவரை விரிசலின் இருபுறமும் 60 மில்லிமீட்டர் வரை சரிவாகத் தேய்த்தார்கள். அந்தச் சரிவு இல்லாவிட்டால் புது ஒட்டு முதல் அலையிலேயே உரிந்து வந்துவிடும்.

தேய்க்கும்போது பறக்கிற கண்ணாடித் தூளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தொழிலாளிகள் கைகளில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள். துண்டு தூசியைக் கொஞ்சம் தடுக்கும். ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் ஆவியைத் தடுக்கவே தடுக்காது. சாயங்காலமானால் தலைவலி என்று மூவருமே சொன்னார்கள். பழுது பார்க்கப் படகு கொடுப்பவர்கள் ரெசின், மேட் கணக்கோடு வடிகட்டி வைத்த முகக்கவசத்தையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். அதைக் கேட்டு வாங்கும் நிலையில் கூலிக்காரர்கள் இல்லை. இளைஞர் வாங்கி வந்தார். அடுத்த முறை நான் போனபோது இருவர் போட்டிருந்தார்கள். மூன்றாமவர் வியர்வையில் மூச்சு முட்டுகிறது என்று கழற்றி வைத்திருந்தார்.

ட்ரெய்லர் வேலையில் இளைஞரே குருவானார். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் கரகரத்தது. ஹப்பைக் கழற்றியபோது கிரீஸ் மோர் போல வெளுத்திருந்தது. பேரிங் குண்டுகளில் துரு. ஓடி வரும்போது ஹப் சூடாகிறது. அந்தச் சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாக உப்புத்தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. அவர் பேரிங்கையும் ஆயில் சீலையும் மாற்றினார். உள்ளங்கையில் கிரீஸை எடுத்துப் புதுப் பேரிங்கை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் இடியாப்பம் போலப் பிதுங்கி வரும்வரை நிரப்பினார். நட்டை இறுக்கி, ஒரு சிறு திருப்பம் தளர்த்தி, புதிதாக ஸ்பிளிட் பின் போட்டார். மேஸ்திரி பக்கத்தில் குந்தி அமர்ந்து கவனித்துக்கொண்டிருந்தார்.

நீலப் பெயிண்ட் காய்ந்த வாரம் படகை வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றுக்கு ஜீப்பில் இழுத்துப் போனார்கள். மணலில் தள்ளி இறக்க டிராக்டர் தயாராக நின்றது. இளைஞர் படகின் வடிகால் திருகை இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு மண்டியிட்டு ஹப்பில் கை வைத்தார்.

"சுடுதுண்ணே."

மேஸ்திரி பனைமர நிழலில் போய் உட்கார்ந்தார். டீ வந்தது. அரை மணி நேரம் கழித்து இளைஞர் மறுபடி தொட்டுப் பார்த்தார். இடது சக்கரம் ஆறியிருந்தது. வலது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. கிளம்பத் தயாராக இருந்த டிராக்டர்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.